மோட்டார் சைக்கிளின் கிளட்சும் அதன் கோளாறுகளும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் உறுப்பொன்றைக் குறித்துக் கட்டுரை வரையப் புகுதல் கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். இலக்கணமும் காப்பியமும் கிடக்க, எண்ணெயும் கரியும் படிந்த தட்டுக்களை யாம் கையிலெடுத்ததற்குக் காரணம் உண்டு. அஃது இக்கட்டுரையின் இடையே தானே விளங்கும். நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் நாள்தோறும் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் காணாதார் இலர். அவற்றை விரைந்து செலுத்த அறிந்தோர் பலர். அவை செல்ல மறுக்கும்போது காரணம் இன்னதென நாடி அறிவார் மிகச் சிலர். ஆதலின், அடிக்கடி கோளாறுறுவதும், அக்கோளாறு பிழைபட உணரப்பட்டு வீண் செலவுக்கு இடமாவதுமான கிளட்சு என்னும் உறுப்பின் இயல்பையும், அதன் குறைகளைக் கண்டறியும் முறையையும் எமக்குத் தெரிந்த அளவில் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கிளட்சின் அமைப்பு

எஞ்சின் என்பது ஓயாது சுழல வேண்டிய பொருள். வழிநடப்போன் சற்றே நின்று இளைப்பாறிப் பின் புறப்படுவது போல அது நின்று தானே புறப்படமாட்டாது. ஒரு குறித்த வேகத்திற்குக் கீழே தாழ்ந்தால் அணைந்துவிடும். பின்சக்கரமோ நிற்கவும் வேண்டும், மெல்ல ஊரவும் வேண்டும், விரையவும் வேண்டும். சுழல்கின்ற ஒன்றையும் அசையாது நிற்கும் ஒன்றையும் திடீரெனப் பிணைத்தால், எஞ்சின் அணையும். அன்றேல் வண்டி துள்ளிப் பாயும். எனவே, இவ்விரண்டற்கும் இடையே நின்று, வேண்டும்போது இணைத்தும், வேண்டாதபோது பிரித்தும், இணைக்குங்கால் படிப்படியாக இணைத்தும் உதவும் ஓர் உறுப்பு தேவையாயிற்று. அதுவே கிளட்சு.

நம் நாட்டில் இன்று ஓடும் கியர் வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் அமைந்திருப்பது, எண்ணெயில் நனைந்த பலதட்டுக் கிளட்சு ஆகும். இதனை விளக்குதற்கு எம் துறைக்குரிய ஏட்டுச்சுவடியே ஏற்ற உவமை. சுவடியின் இருபுறமும் சட்டங்களை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினால், ஏடுகள் யாவும் ஒரே பலகை போல அசையும். கட்டை நெகிழ்த்தினால் ஒவ்வோர் ஏடும் தனித்தனியே நழுவும். இனி, அச்சுவடியின் ஒற்றைப்படை ஏடுகளை ஒருவரும் இரட்டைப்படை ஏடுகளை மற்றொருவரும் பற்றியிருப்பதாகக் கருதுக. கட்டு இறுகியிருக்குமளவும் ஒருவர் இழுத்தால் மற்றவரும் உடன் இழுபடுவர். கட்டு நெகிழ்ந்தபோதோ ஒருவருடைய இழுப்பு மற்றவரைத் தீண்டாது.

கிளட்சிலும் இங்ஙனமே. கிண்ணம் போன்ற ஒரு கூடு, எஞ்சினோடு பற்சக்கரத்தாற் பிணைக்கப்பட்டுச் சுழல்கின்றது. அதன் சுவரிலுள்ள பிளவுகளில் உராய்வுத் தட்டுக்களின் வெளிக்காதுகள் பொருந்தி நிற்கின்றன. கூட்டின் நடுவே, கியர்ப்பெட்டியின் தண்டோடு இணைந்த குடம் ஒன்று உண்டு. எஃகுத் தட்டுக்களின் உட்பற்கள் அக்குடத்தின்மேற் பொருந்துகின்றன. உராய்வுத் தட்டு ஒன்று, எஃகுத் தட்டு ஒன்று என இவை மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கின்மேல் ஓர் அழுத்துத் தகடும், அதனை இறுக்கும் சில சுருள்விற்களும் அமைந்துள்ளன. சுருள்வில்லைப் பட்டறையார் ஸ்பிரிங் என்பர். இடக்கைப் பிடியை நாம் இழுக்குங்கால், கேபிள் என்னும் கம்பி எஞ்சினின் பக்கத்திலுள்ள ஒரு சிறு கையைத் திருப்புகின்றது. அஃது அழுத்துத் தகட்டை விற்களின் விசைக்கு எதிராக நகர்த்தித் தட்டுக்களை விடுவிக்கின்றது. பிடியை விட்டவுடன் விற்கள் மீண்டும் அழுத்தத் தட்டுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

தட்டுக்கள் பலவாக இருப்பதேன் என்று வினவலாம். உராயும் முகங்கள் எத்துணை மிகுகின்றனவோ அத்துணை முறுக்கு விசையைக் கிளட்சு தாங்கும். மோட்டார் சைக்கிளில் அகன்ற தட்டொன்றை வைப்பதற்கு இடம் போதாமையின், சிறிய தட்டுக்கள் பலவற்றை அடுக்கினர். எண்ணெயில் நனைந்திருப்பது, உராய்வினால் எழும் வெப்பத்தை அகற்றுதற்பொருட்டும், தேய்ந்துதிரும் துகள்களைக் கழுவுதற்பொருட்டுமாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை ஈண்டே குறித்தல் நலம். 1955ஆம் ஆண்டு முதல் நம் சென்னை மாநகரில் உருவாகி வந்த புல்லட் வண்டியின் பழைய அமைப்பில், எஞ்சினுக்கு எண்ணெய் வேறு. கிளட்சும் முதற்சங்கிலியும் குடியிருந்த பெட்டிக்கு எண்ணெய் வேறு. இக்காலத்து வண்டிகளுட் பெரும்பாலானவற்றிலோ எஞ்சின், கியர், கிளட்சு மூன்றும் ஒரே எண்ணெயில் வாழ்கின்றன. ஒன்றுக்கு நன்மையென்று கருதி ஊற்றும் எண்ணெய் மற்றொன்றுக்குத் தீமையாதல் இதனால் நேர்கின்றது. இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

நழுவல்

கிளட்சின் பெருங்குறைகள் இரண்டு. பற்ற வேண்டிய நேரத்திற் பற்றாமை ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாமை மற்றொன்று. முன்னதை நழுவல் என்றும் பின்னதை ஒட்டல் என்றும் வழங்குவோம்.

நழுவலின் அடையாளம் இது: வலக்கைப் பிடியை முறுக்க எஞ்சினின் ஓசை உயர்கின்றது, வண்டியின் வேகமோ அதற்கேற்ப உயர்வதில்லை. மேட்டில் ஏறும்போதும், சுமை மிக்கபோதும், மேல் கியரிற் செல்லும்போதும் இது முதலில் வெளிப்படும். முற்றியபின் தீய்ந்த நாற்றம் எழும்; பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். எஞ்சின் வலுக் குன்றிய வண்டியோடு இதனை மயங்கலாகாது. எஞ்சின் குன்றினால் ஓசையும் உயராது, வேகமும் உயராது. கிளட்சு நழுவினால் ஓசை உயரும், வேகம் உயராது. ஆளரவமற்ற சமதளச் சாலையில் மேல் கியரில் மிதமாகச் சென்று, பிடியைச் சற்றே விரைவாக முறுக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

இனி, யாம் இப்பொருளை எடுத்துக்கொண்ட காரணத்தைக் கூறுவோம். எம் தமையனார் ஊர் ஊராகச் சென்று பால் எடுத்துக் கூட்டுறவு நிலையத்தில் ஊற்றும் தொழிலினர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வண்டியின் இருமருங்கும் கேன்களைக் கட்டிக்கொண்டு, குளத்தங்கரை மேட்டில் ஏறி இறங்கி, ஏழு மணிக்குள் நிலையத்தை அடைதல் வேண்டும். காலந் தாழ்ந்தால் பால் ஏற்கப்படாது. அப்பழைய மோட்டார் சைக்கிளே எம் இல்லத்திற்குச் சோறும் எமக்குக் கல்லூரிச் சம்பளமும் ஈட்டித் தருவது.

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது, தமையனாருக்கு உதவி செய்யும் ஆர்வத்தால் வண்டியின் எஞ்சின் எண்ணெயை யாமே மாற்றினோம். அண்டை வீட்டார் தம் காருக்கு வாங்கி மிகுந்திருந்த எண்ணெயை அன்போடு தந்தனர். கலத்தின்மேல், எரிபொருளை மிச்சப்படுத்தும் உயர்தர எண்ணெய் என எழுதியிருந்தது. உயர்ந்த பொருள் என்று மகிழ்ந்து அதனையே ஊற்றினோம். செலவும் மிச்சமாயிற்று என்று எம்மை யாமே மெச்சிக்கொண்டோம்.

பத்து நாள் கழியுமுன், குளத்தங்கரை மேட்டில் வண்டி முனகிற்றேயன்றி ஏறவில்லை. தமையனார் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே சுமந்து வைத்து, வெற்று வண்டியை ஏற்றிப் பின் அவற்றைக் கட்டிச் சென்றார். அண்மையிலிருந்த ஒரு பட்டறையில் கேபிளை இறுக்கித் தந்தனர். நழுவல் முன்னிலும் மிகுந்தது. மீண்டும் சென்றபோது, தட்டுக்கள் தேய்ந்துவிட்டன என்று கூறி அவற்றை மாற்றினர். கூலியும் சேர்த்து 1,850 ரூபாய் ஆயிற்று. அது எம் கல்லூரிச் சம்பளத்திற்கென அன்னையார் பானையிற் போட்டு வைத்திருந்த பணம். மூன்று வாரத்திற்குப் பின் புதிய தட்டுக்களும் நழுவத் தொடங்கின.

இவ்வளவு நிகழ்ந்தும், எண்ணெய் மாற்றியவர் யாமே என்பதைப் பட்டறையில் எவரும் வினவவில்லை, யாமும் கூறவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்னும் ஐயம் எம் மனத்தில் எழாமலில்லை. எழுந்ததை அடக்கிக்கொண்டோம். தவறு எம்முடையதாயிருக்குமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

பின்னர்ச் சந்தையூரிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றோம். அவர் திருகுளி எதனையும் தொடுமுன்னர், "கடைசியா ஆயில் மாத்துனது யாரு தம்பி? என்ன ஆயில்?" என்று வினவினார். "எந்தம்பிதான் மாத்துனான், அண்ணாச்சி. என்ன ஆயில்னு எனக்குத் தெரியல" என்று கூறித் தமையனார் எம்மை நோக்கினார். யாம் நிகழ்ந்ததைக் கூறினோம். முதியவர் பிடியை இரு விரலால் அசைத்துப் பார்த்து, "கேபிள்ல பிளேயே இல்லையே. இந்த ரெண்டையும் பாத்திருந்தா தட்டை மாத்தியிருக்க வேண்டாமே" என்றார். தமையனார் ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பும் வழியில், சம்பளம் கட்டக் கடைசி நாள் கடந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

நாடும் முறை

அம்முதியவர் செய்ததையே ஒழுங்காக வகுத்துரைப்போம். முறை ஒன்றே: வெளியிலிருந்து உள்ளே செல்க, செலவில்லாததை முதலிற் பார்க்க.

முதலாவது, வண்டிக்குக் கடைசியாகச் செய்யப்பட்டது யாது என்று கேட்டல். நன்றாக ஓடிய வண்டி திடீரெனக் குறைப்பட்டால், அண்மையில் மாற்றப்பட்ட ஏதோ ஒன்றே பெரும்பாலும் காரணமாயிருக்கும். தட்டுக்களின் தேய்வு நாட்பட மெல்ல வருவது. பத்து நாளில் வருவதன்று.

இரண்டாவது, கேபிளின் தளர்ச்சியைப் பார்த்தல். பட்டறையார் பிளே என்பது இதனையே. பிடியை இழுக்கத் தொடங்கியதும் சிறிது தூரம் எதிர்ப்பின்றி அசைந்து, பின்னரே விற்களின் எதிர்ப்பு கைக்குத் தெரிதல் வேண்டும். பிடியின் நுனியில் அளந்தால் இவ்வெற்றசைவு பல வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும்; அவ்வவ் வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவே முடிவானது. தளர்ச்சி சிறிதும் இல்லையாயின், நாம் பிடியைத் தொடாதபோதும் கம்பி அழுத்துத் தகட்டை ஓயாது இழுத்துக்கொண்டிருக்கும். விற்களின் விசையில் ஒரு பகுதி அதனாற் கழிந்துபோகத் தட்டுக்கள் நழுவும். கம்பியை இறுக்கினால் கிளட்சு இறுகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறாகும்.

ஈண்டு இன்னொன்றும் அறியத்தக்கது. கம்பி நீள நீளத் தளர்ச்சி மிகும். உராய்வுத் தட்டுத் தேயத் தேயத் தளர்ச்சி குறையும். ஆகவே, ஒருவரும் தொடாதிருக்கவும் தளர்ச்சி தானே குறைந்துகொண்டு வருமாயின், தட்டுக்கள் தேய்கின்றன என்று உணரலாம். தளர்ச்சியைத் திருத்துவதற்குக் கைப்பிடியின் அருகிலும் எஞ்சினின் அருகிலும் திருகுமரைகள் உண்டு. பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகிச் சரிசெய்து, மீண்டும் பூட்டு நட்டை இறுக்க மறவாதிருத்தல் வேண்டும். பின்னர்க் கைச்சட்டத்தை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் திருப்பிப் பார்த்து, இரு நிலையிலும் தளர்ச்சி மாறாதிருத்தலைக் காண்க. மாறினால் கம்பி செல்லும் வழி பிழைபட்டுள்ளது என்பது தெளிவு.

மூன்றாவது, கம்பி தடையின்றி ஓடுகின்றதா என்று பார்த்தல். உறைக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்தால், பிடியை விட்டபின்னும் கம்பி முழுதும் திரும்பாது. கம்பியின் இருமுனைகளையும் கழற்றிக் கையால் முன்பின் இழுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

நான்காவது, எண்ணெய். கார்களில் கிளட்சு எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை. ஆதலின் கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருள்களைச் சேர்க்கின்றனர். காருக்கு அது நன்மை. உராய்வையே நம்பி வாழும் நனைந்த கிளட்சுக்கோ அது தீமை. இவ்வேற்றுமை கருதியே ஜப்பானிய மோட்டார் வாகனத் தர அமைப்பு 1998ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கெனத் தனித்தரம் வகுத்தது. ஜாசோ எம்.ஏ. என்னும் குறியுடைய எண்ணெய், நனைந்த கிளட்சுக்குப் போதிய உராய்வு தருவது. எம்.பி. என்னும் குறியுடையது உராய்வு குறைந்தது. எண்ணெயில் நனையாத கிளட்சுடைய ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. கலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இக்குறியைக் காணலாம். யாம் முன்புறத்துப் பெரிய எழுத்தை மட்டும் படித்தோம்.

இந்நான்கும் செவ்வையாக இருந்தும் நழுவல் தீராதாயின், அப்போதே கிளட்சைத் திறத்தல் தகும்.

திறந்து பார்க்குங்கால்

எஞ்சின் நன்கு ஆறியபின், வண்டியை உறுதியாக நிறுத்தி, எண்ணெயை ஒரு தட்டிலே வடித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வெண்ணெயை மண்ணிலும் வாய்க்காலிலும் கொட்டுதல் பெருந்தவறு. மூடியைக் கழற்றியபின், விற்களை இறுக்கும் மரைகளை ஒன்றை முழுதும் கழற்றி மற்றொன்றுக்குச் செல்லாது, எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. தட்டுக்களை எடுத்த வரிசையும், அவை நோக்கிய பக்கமும் மாறாவண்ணம் ஒரு தாளின்மேல் அடுக்கி வைக்க.

உராய்வுத் தட்டின் கனத்தை வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளத்தல் வேண்டும். பல சிறு வண்டிகளில் புதிய தட்டு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுடையது. எவ்வளவு குறைந்தால் மாற்ற வேண்டும் என்பதைக் கைந்நூல் கூறும். எஃகுத் தட்டைத் தடித்த கண்ணாடியின்மேற் கிடத்தி, விளிம்பின் கீழ் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டைச் செலுத்திப் பார்த்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது மிக்க வெப்பத்திற்கு ஆளாயிற்று என்பது பொருள். சுருள்விற்களின் நீளத்தையும் அளந்து, ஒன்று குறுகியிருப்பினும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுதல் முறை. புதிய உராய்வுத் தட்டுக்களைப் பொருத்துமுன் உரிய எண்ணெயில் ஊறவைத்தல் வேண்டும். உலர்ந்தவாறே பொருத்தினால் முதல் ஓட்டத்திலேயே கருகும்.

எம் தமையனாரின் வண்டியிலிருந்து கழற்றப்பட்ட பழைய தட்டுக்களை யாம் கல்லூரிக்குக் கொண்டுவந்தோம். பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியால் அவற்றை எம் கண்முன் அளந்து காட்டினார். ஒன்றேனும் கைந்நூல் கூறிய எல்லைக்குக் கீழே தேய்ந்திருக்கவில்லை. அவற்றைத் தேய்ந்தனவென்று கூறியோர் அளந்து கூறினாரல்லர். அளக்கச் சொல்லி யாமும் கேட்டோமல்லோம். முதியவரோ புதிய தட்டுக்களையே கழுவித் துடைத்து, பளபளப்பேறிய எஃகுத் தட்டுக்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பொருத்தி, உரிய எண்ணெயை ஊற்றி, கம்பிக்குத் தளர்ச்சியும் கொடுத்தனர். பழைய எண்ணெயின் மிச்சம் நீங்குதற்பொருட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை மீண்டும் ஒருமுறை மாற்றச் செய்தனர். வண்டி அன்று முதல் மேட்டில் கேன்களோடு ஏறுகின்றது.

ஒட்டல்

இனி, விட வேண்டிய நேரத்தில் விடாமையைக் கூறுவோம். பிடியை முழுதும் இழுத்தும் வண்டி முன்னே ஊர்தல், நிற்கும்போது நியூட்ரல் அகப்படாமை, கியர் மாற்றுகையில் கரகரவென்னும் ஓசை, முதற்கியர் இட்டவுடன் எஞ்சின் அணைதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்கும் முதற்காரணம் கம்பியே. ஆயின் நழுவலுக்குத் தளர்ச்சியின்மை காரணமாதல் போல, ஒட்டலுக்கு மிகுதளர்ச்சி காரணமாகும். பிடியின் ஓட்டமெல்லாம் தளர்ச்சியை நீக்குவதிலேயே கழிய, தட்டுக்களைப் பிரிக்க எஞ்சுவது சிறிதே.

தளர்ச்சி சரியாயிருந்தும் ஒட்டுமாயின், எண்ணெயின் அளவையும் தடிப்பையும் பார்க்க. அதன்பின் உள்ளே வளைந்த எஃகுத் தட்டு உண்டோ என்றும், கூட்டின் பிளவுகளில் தட்டின் காதுகள் இடித்திடித்துப் பள்ளம் உண்டாக்கினவோ என்றும் காணுதல் வேண்டும். அப்பள்ளங்களிற் காதுகள் சிக்கிக்கொண்டால் தட்டுக்கள் எளிதில் நகரா. பள்ளம் சிறிதாயின் அரத்தால் நிரவலாம். ஆழமாயின் கூட்டையே மாற்ற நேரும்.

நெடுநாள் ஓடாது நின்ற வண்டியில், தட்டுக்கள் இடையிலுள்ள எண்ணெயால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது நோயன்று. பழைய புல்லட் ஓட்டுவோர், எஞ்சினைத் தொடக்குமுன் கிளட்சுப் பிடியை இழுத்தவாறே உதைகோலை இரண்டொரு முறை மிதித்துத் தட்டுக்களை விடுவிப்பர். குளிர்ந்த காலையில் முதற்கியர் இடுங்கால் எழும் சிறு துள்ளலும் இவ்வகையினதே. எஞ்சின் சற்றே வெதும்பியபின் அது மறையும்.

பிற குறைகள்

வண்டி புறப்படுகையில் நடுங்கி நடுங்கிச் செல்லுமாயின், தட்டுக்கள் சீராகப் பற்றவில்லை என்பது பொருள். விற்களின் விசை ஒவ்வாமை, வளைந்த தட்டு, தட்டுக்களிற் படிந்த அழுக்கு ஆகியன காரணங்கள்.

பிடி மிகக் கனத்தால், விற்களைக் குறைகூறுமுன் கம்பியின் உறையையும், பிடி சுழலும் ஆணியையும் பார்த்து எண்ணெயிடுக. கம்பி அறுவது பெரும்பாலும் பிடியிற் பொருந்தும் முனையிலேதான். அறுமுன் அஃது எச்சரிக்கை தருகின்றது. மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து முள்போல் நிற்கும். ஓரிழை பிரிந்தது கண்டவுடன் புதியது மாற்றுவோன் நடுவழியில் வருந்தான். ஓடும்போது அறுந்துவிட்டால் முறுக்குப் பிடியைத் தளர்த்திப் பிரேக்கை அழுத்தி, எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்துக. கிளட்சின்றிக் கியர் மாற்றி வீடு சேர்வேன் என்று நெரிசலிற் புகுதல் உயிருக்கு இடர்.

ஓட்டுவோர் பழக்கமும் கிளட்சின் ஆயுளைக் குறைக்கும். பிடியின்மேல் விரல்களை ஓயாது சாய்த்து வைத்தலும், ஏற்றத்தில் பிரேக்கைப் பிடியாது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தலும், மேல் கியரிற் புறப்படுதலும் தட்டுக்களை நாள்தோறும் எரிக்கும் செயல்களாம். நம் நண்பர் பலர் கல்லூரி வாயிலில் இம்மூன்றையும் ஒருங்கே செய்யக் கண்டிருக்கின்றோம்.

முடிவுரை

கிளட்சின் குறை நாடுவார்க்கு யாம் கூறவல்லது இவ்வளவே. தட்டுக்களைக் குறை கூறுமுன் கம்பியைப் பார்க்க. எண்ணெய்க் கலத்தின் பின்புறத்தைப் படிக்க. அளந்து பாராது எதனையும் தேய்ந்ததென்று கொள்ளற்க. இவை யாவற்றினும் முற்பட, வண்டிக்குக் கடைசியாக நாம் செய்தது யாது என்பதைப் பழுது பார்ப்பவரிடம் மறையாது கூறுக. எம் வீட்டு வண்டியில் 1,850 ரூபாய் வீணானதற்கு எண்ணெய் பாதிக் காரணம். எம் மௌனம் மறுபாதி.

சம்பளத்தை அபராதத்துடன் கட்டினோம். அப்பணத்தையும் தமையனார் பால் ஊற்றியே ஈட்டினார். இவ்வாண்டு விடுமுறையில் எண்ணெய் மாற்றும் நாள் வந்தபோது, அவ்வேலையைத் தமையனார் மீண்டும் எம்மிடமே கொடுத்தார். கலத்தின் பின்புறத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியபின்னரே ஊற்றினோம்.